சுமையில் பார்க்காத எண்

அவரைத் திமிர் பிடித்தவர் என்று மெல்பனின் கிளேட்டனில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாக் குழு ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. சரி, திமிர்தான். அதற்கென்ன இப்போது? அவரிடம் இருந்த திமிரை ஆளுக்கு ஒரு கரண்டி பரிமாறியிருந்தால் நம்மில் பலர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்போம்.

பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்னட்டைக் கேட்டனீங்களோ?" என்று போன் வரும்.

கிளேட்டன் தெற்கில் ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கோடையில் புல்வெட்டும் இயந்திரங்களும் தண்ணீர் ஸ்கூட்டர்களும் வரும். ஏப்ரல் பிறந்தால் மலையிலிருந்து பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகள் டிரெய்லரில் வந்து இறங்கும். மெல்பனில் ஏதடா பனி என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் பனிச்சறுக்கு மலை. இங்கே குளிர்காலம் ஜூனில்தான், அந்த மாத நீண்ட வார இறுதியில் சீசன் திறக்கும். அதற்குள் வண்டிகள் பழுது பார்க்கப்பட்டு மேலே போய்ச் சேர வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்து, புள்ளிக் கணக்கில் விசா வாங்கி வந்தவன். பட்டறையில் எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை அட்டை அடிப்பவன் என்று அர்த்தம். அவர் எஞ்சின் பிரிப்பவர். யாழ்ப்பாணத்தில் படகு எஞ்சின், கொழும்பில் ஜெனரேட்டர், பிறகு தற்காலிக விசாவில் இங்கே. நாற்பத்தெட்டு வயது. அவர் அளவில் ஓவரால் உடுப்பு கிடைக்காமல் ஆண்கள் அளவில் வாங்கி, கையையும் காலையும் மூன்று மடிப்பு மடித்துப் போட்டுக்கொள்வார். நான் அக்கா என்பேன். அவர் தம்பி என்பார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "சுமை ஏத்திப் பாத்தனீங்களோ?"

எதற்கும் இதே கேள்வி. ஏணி வாங்கினாலும் இதுதான், குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் இதுதான். ஒரு முறை சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் கொண்டு வந்த அங்கிள், பையனைப் புகழ்ந்துகொண்டே போனார். தங்கமான பிள்ளை, கோபமே வராது என்றார். அக்கா தேநீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டாராம். "கோவம் வாற மாதிரி ஆராவது ஏதும் செய்து பாத்தனீங்களோ?" அந்த அங்கிள் தேநீரை முடிக்காமல் எழுந்து போனதாகக் கேள்வி.

ஆண்டுவிழாக் குழுவின் கோபத்துக்கும் காரணம் இதுதான். அந்த வருடம் வாடகைப் பலகை மேடை. முப்பது பிள்ளைகள் ஏறி ஆட வேண்டும். திரை விலகப் போகும் நேரத்தில் அக்கா மேடைக்கு முன்னால் வந்து நின்றார். இதில் யாராவது ஏறிப் பார்த்தார்களா என்று கேட்டார். போன வருடமும் இதே மேடைதான் என்றார் குழுத் தலைவர். "போன வருசம் பிள்ளையள் போன வருசத்து நிறை," என்றார் அக்கா. பிறகு காப்பி அண்டாவைச் சுற்றி நின்ற எட்டு ஆண்களை வேட்டியோடு மேடையில் ஏற்றி, "குதியுங்கோ" என்றார். நானும் குதித்தேன். மூன்றாவது குதியில் இடது மூலையின் கால் நழுவி மேடை ஒரு சாண் இறங்கியது.

சரிசெய்து நிகழ்ச்சி தொடங்க நாற்பது நிமிடம் ஆனது. மேடை இறங்கியது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. நாற்பது நிமிடத் தாமதம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இந்தக் குணத்துக்குப் பின்னால் போர்க்காலக் கதை ஒன்று இருக்கும் என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் மதிய உணவின்போது, குரலைத் தாழ்த்தி, மெதுவாகக் கேட்டேன். அவர் சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எல்லாத்துக்கும் ஒரு செத்த வீட்டுக் கதை வேணுமோ உங்களுக்கு? கதை ஒண்டும் இல்லை. பாக்காமல் எழுதினால் அது பொய். அவ்வளவுதான்."

இனி அந்த கிளச் விவகாரம்.

மலையில் ஒரு மீட்புக் குழு உண்டு. சறுக்கி விழுந்து கால் முறிந்தவர்களை வண்டிக்குப் பின்னால் சறுக்குப் படுக்கையில் கிடத்தி, பள்ளத்திலிருந்து மேலே இழுத்து வருபவர்கள். தங்கள் நான்கு வண்டிகளோடு வந்த கிளச் சுமையில் திணறுகிறது என்று சொல்லி, வேறொரு நிறுவனம் தனியாகச் செய்து விற்கும் கிளச் செட்டை வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதைப் பூட்டி, எஞ்சின் சுற்றுக்குப் பொருத்தமாகச் சரிசெய்து தருவது எங்கள் வேலை.

ஸ்னோமொபைலுக்குக் கியர் மாற்றும் வேலை கிடையாது. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட், அவ்வளவுதான். எஞ்சின் பக்கத்துக் கப்பிக்குள் வெயிட் என்று மூன்று சிறு இரும்புக் கைகள் இருக்கும். எஞ்சின் வேகமெடுக்க எடுக்க அவை விரிந்து, கப்பியை நெருக்கி, பெல்ட்டை மேலே தள்ளும். வண்டிக்கு அதுதான் கியர் மாறுவது. வெயிட் அதிகமாக இருந்தால், மேட்டில் பெரிய கியரில் சைக்கிள் மிதித்த கதையாக எஞ்சின் அமுங்கிப்போகும். குறைவாக இருந்தால் எஞ்சின் வீணாகக் கத்தும், பெல்ட் கருகும். இந்த எஞ்சின் தன் முழுப் பலத்தையும் கொடுப்பது நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில். முழு வேகத்துக்கு அழுத்தினால் சுற்றுமானியின் முள் எட்டாயிரத்தில் போய் நிற்க வேண்டும், ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதற்காக வெயிட்டில் இருக்கும் குட்டித் திருகாணிகளைப் போட்டும் எடுத்தும் ஒவ்வொரு கிராமாகக் கூட்டிக் குறைப்பார்கள்.

செட்டோடு ஓர் அட்டவணையும் வந்தது. இன்ன உயரத்து மலைக்கு இத்தனை கிராம். நான் எங்கள் மலையின் உயரத்தை அடிக்கணக்கில் மாற்றி, வரிசையைப் பார்த்து, எண்ணை வேலை அட்டையில் ஏற்றினேன். அக்கா அதன்படியே பூட்டினார். வண்டியின் பின்பகுதியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்துக்குப் பதிலாக அடியில் பட்டையாக ஓடும் ரப்பர் டிராக் காற்றில் சுழல, முழுதாக அழுத்தினார். முள் எட்டாயிரத்தில் போய் நின்றது.

"பாத்தீங்களாக்கா? கச்சிதம்," என்றேன். பொறியியல் படித்தவனுக்கு வரக்கூடிய சின்னப் பெருமை எனக்கும் வந்தது.

"காத்தில சுத்தினா எல்லாம் கச்சிதம்தான். ஓட்டுறாளும், பின்னால சறுக்குப் படுக்கையில முறிஞ்ச ஆளும் கிடக்க, மேட்டில ஏறேக்கை?"

"அதெல்லாம் அட்டவணையிலயே கணக்குப் போட்டிருப்பாங்கக்கா."

"ஆர் போட்டது?"

"கிளச் செஞ்சவங்க."

"அவை ஒராள் ஏறி ஓடுற வண்டிக்கெல்லோ போட்டிருக்கினம். வடிவா வாசியுங்கோ."

வாசித்தேன். கீழே பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

வேலை அட்டையின் கடைசி வரிசையில் ஒரு பெட்டி உண்டு. வண்டி பணிக்குத் தயார் என்று மெக்கானிக் அதில் சரிக்குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அக்கா பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், சுமையில் பார்க்கவில்லை என்று எழுதினார். நான்கு வண்டிகளுக்கும் அதேதான்.

எங்கள் முதலாளி வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பருமன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர். மே மாதத்தில் மெல்பனில் எந்தப் பனியில் போய்ச் சுமை பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. பனி விழும் வரைக்கும் பெட்டி வெறுமையாக இருக்கட்டும் என்றார் அக்கா. அதுவும் நியாயமாகப் பட்டதுதான் என் கஷ்டம்.

இதற்கு நடுவில்தான் கடிதம். அக்காவின் தற்காலிக விசா முடியப் போகிறது. அதை நிரந்தரமாக்க, இவர் எங்கள் பட்டறைக்குத் தேவை என்று முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். ஜூன் முதல் வெள்ளிக்கிழமைக்குள் அது போய்ச் சேராவிட்டால், மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். மகளுக்கு அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அதற்கு இப்போது மெல்பனை விட்டால் வேறு ஊர் ஒட்டாது. கடிதத்தை முதலாளி சொல்லி நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். கையெழுத்துப் போடாமல் அவர் தன் கிளிப் அட்டையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப போய் அவரைப் பகைச்சுக்கணுமா? ஒரு டிக்குதானே?" என்று கெஞ்சினேன்.

"ஒரு டிக்கெண்டால் நீங்களே போட்டிருக்கலாமே," என்றார்.

நான் என் கம்ப்யூட்டருக்குத் திரும்பினேன்.

அக்காவின் மகளுடைய தோழிக்கு ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கில் பிறந்தநாள் விழா. பிள்ளையைக் கூட்டிப்போகப் போன அக்கா பின்வாசலில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பனித்தரையை அடிக்கடி சுரண்டி வழிப்பார்கள். சுரண்டிய பனித்துருவல், கல்யாண வீட்டுத் தேங்காய்த் துருவல் மாதிரி பின்னால் குவிந்து கிடக்கும். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். நகருக்கு வெளியே கிரான்போர்னுக்கு அப்பால் கத்தரியும் மிளகாயும் பயிரிடும் ஊர்க்காரர் ஒருவரின் நிலத்தில் நல்ல புல் சரிவு ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டு. அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். ஒரு ஸ்னோமொபைலை அங்கே ஏற்றிப் போக டிரெய்லர் வேண்டும், அதன் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஏன் கொடுத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் வண்டியும் ஓட்டினேன்.

சுமைக்கு அரிசி. கிளேட்டன் தமிழ்க் கடையில் இருபது கிலோ மூட்டை எட்டு, சாயங்காலம் திருப்பித் தருவதாகச் சொல்லி அக்கா கேட்டார். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னக்கா, மகளுக்குச் சாமத்தியவீடோ?" பூப்பு விழாவுக்கு அவர்கள் ஊர்ப் பெயர்.

"இல்லை, கிளச்சுக்கு."

கடைக்காரர் மூட்டைகளை எடுக்க உள்ளே போனார். அக்காவை அவருக்கும் தெரியும். அக்கா மூட்டையில் அச்சடித்த நிறையை நம்பாமல், தன்னோடு கொண்டு வந்த குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் ஏற்றினார்.

தோட்டத்து மூலையில் கிடந்த பழைய தகரப் படகை வண்டிக்குப் பின்னால் கட்டினோம். அதில் அரிசி மூட்டைகள். வழியில் அள்ளி வந்த பனித்துருவலைச் சரிவில் வாரி இறைத்தோம். கொஞ்சத்தை டிராக்குக்கு மேலேயும் திணித்தோம், எஞ்சின் சூடாகாமல் இருக்க. அக்கா ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தார். தோட்டக்காரர் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்று, இது கனவா நனவா என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் எட்டாயிரத்தைத் தொட்டது. ஒரு மூச்சு நேரம் நின்றது. மேடு தொடங்கியதும் ஏழாயிரத்துக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே. வண்டி முனகிக்கொண்டு பாதியில் நின்று, மண்ணைத் தோண்டியது. மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது.

"இஞ்சை காத்துத் தடிப்பு, எஞ்சினுக்குப் பலம் கூட. மலையில இன்னும் குறையும்," என்றார். "புல்லில இழுவை கூட, அது வேற. ரெண்டையும் யோசிச்சாலும் உந்த அட்டவணை எங்களுக்குச் சரிவராது."

மூடியைத் திறந்து, கிளச் ஆறும் வரை நின்று, வெயிட் ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் எடுத்தார். திரும்ப ஓட்டினார். மறுபடி இரண்டு கிராம். கடைசியில் இன்னும் ஒன்று. பனியெல்லாம் உருகி, சரிவு வயல் சேறாகி, என் பேன்ட் முழங்கால் வரை கறுத்த நேரத்தில், எட்டு மூட்டையோடு வண்டி மேடேறியது. முள் எட்டாயிரத்தில் அசையாமல் நின்றது. நான் கத்தினேன். தோட்டக்காரர் கை தட்டினார்.

"அப்ப டிக் பண்ணிடலாம்ல?"

"ஏலாது. இது புல்லு. புல்லில பாத்தனான் எண்டுதான் எழுதலாம்."

தான் கண்டுபிடித்த எண்ணுக்கே அவர் சரிக்குறி போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிசி மூட்டைகளை அவரையே தூக்கி வைக்கச் சொல்லியிருப்பேன். அவர் அதற்குள் தூக்கி வைக்கத் தொடங்கியிருந்தார்.

திங்கட்கிழமை காலை நான் வருவதற்குள் அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அனுமதியில்லாமல், புல் சரிவு, நூற்று அறுபது கிலோ அரிசி, ஒவ்வொரு ஓட்டத்திலும் முள் நின்ற இடம். அட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"அக்கா, இது வாக்குமூலம்! என் வேலையும் சேர்ந்து போகும்."

"உங்கட பேர் எழுதேல்லை. நான் கொண்டு போனது எண்டுதான் எழுதினனான். பொய்யில்லையே, நான்தானே கேட்டு வாங்கினது."

முதலாளி வாசித்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கிளிப் அட்டையை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் பணிக்குத் தயார் பெட்டி உள்ள வேலை அட்டை, மறுபக்கம் விசாக் கடிதம். அட்டவணைப்படி வெயிட்டை மாற்றிப் பூட்டி நீ இதில் கையெழுத்துப் போடு, நான் அதில் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வர நான்கு நாள் இருந்தது.

நானாக இருந்தால் அந்தப் பேனாவைப் பிடுங்கியிருப்பேன். அக்கா மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்தார். முதலாளியின் கண்ணெதிரிலேயே மீட்புக் குழுத் தலைவியை அழைத்தார். அவருடைய ஆங்கிலம் கட்டை கட்டையாக இருக்கும், ஆனால் ஒன்றும் தவறாகப் புரியாது. "உங்கள் வண்டி. அட்டவணை வெயிட். ஆள் ஏற்றினால் மேடு ஏறாது. நான் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்." அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சிறிது நேரம் பேசியது. மலையில் அந்த வாரமே பனி விழுந்திருந்தது. புதன்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள், என் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொன்னாராம்.

முதலாளி தொலைபேசியை வாங்கி, சரி என்றார். வேறு என்ன சொல்வார்? வைத்துவிட்டு அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். அட்டவணை சரியாக இருந்தால் கடிதம் கிடையாது.

"ஓம்," என்றார் அக்கா.

புதன்கிழமை முதலாளி, அக்கா, நான் மூவரும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி மலைக்குப் போனோம். மேலே மேகம் தரையோடு உட்கார்ந்திருந்தது. ஈரப் பனி, மிதித்தால் முழங்கால் வரை இறங்கியது. அட்டவணை வெயிட்டோடு ஒரு வண்டி. பின்னால் அடிபட்டவர்களைக் கிடத்தும் சறுக்குப் படுக்கை. அதில் ஆளுக்குப் பதிலாகப் போடும் பயிற்சிப் பொம்மை இன்னும் கிடங்கிலிருந்து வரவில்லை, மணல் மூட்டை தேடலாம் என்றார் குழுத் தலைவி.

அக்கா முதலாளியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் படுங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

குழுத் தலைவி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். முதலாளி இரண்டு விநாடி அக்காவை முறைத்தார். அவருக்கும் ரோஷம் உண்டு. படுக்கையில் மல்லாந்து படுத்தார். அக்கா குனிந்து மூன்று வாரையும் இழுத்துக் கட்டினார். கழுத்துக்குக் கீழே துணியை மடித்து வைத்தார். அந்த அக்கறை கிண்டல் இல்லை என்பது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

குழுத் தலைவியே ஓட்டினார். சரிவின் பாதி வரை சத்தம் நன்றாக இருந்தது. பிறகு எஞ்சின் தொண்டை அடைத்த மாதிரி இறங்கியது. டிராக் பனியைத் தோண்டியது, வண்டி உட்கார்ந்தது. மேகத்துக்குள், சரிவின் நடுவில், கால் மேலும் தலை கீழுமாகக் கட்டப்பட்ட முதலாளி ஏதோ கத்தினார். அங்கே கால் முறிந்த ஒருவர் கிடந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே சரிவில் ஏறினேன்.

இறக்கிக் கொண்டு வந்தோம். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களோடு புல்லில் பார்த்த எண்ணுக்கு வெயிட்டை மாற்றினார். முதலாளி எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, "மறுபடி போ," என்றார். இந்த முறை வண்டி மேலே போய்ச் சேர்ந்தது. ஆனால் முள் எட்டாயிரத்தைத் தாண்டி இருநூறு ஏறி நின்றது என்றார் குழுத் தலைவி. பெல்ட் வாசனையும் லேசாக வந்தது.

"ஆக, உன் எண்ணும் தப்பு," என்றார் முதலாளி, பனியைத் துப்பிக்கொண்டு.

"ஆமாம். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை," என்றார் அக்கா. ஒரு கிராமைத் திரும்பப் போட்டார்.

மூன்றாவது ஓட்டத்தில் முள் எட்டாயிரத்தில் நின்றது. இன்னும் இரண்டு முறை ஓட்டச் சொன்னார். அப்போதும் நின்றது. அதன் பிறகு கிளிப் அட்டையை வாங்கி, வண்டி இருக்கையில் வைத்து, பெட்டிக்குள் சரிக்குறி போட்டார். அந்த வண்டிக்கு மட்டும். மற்ற மூன்றையும் அதேபோல் ஓட்டிப் பார்த்துத்தான் போடுவேன் என்றார்.

முதலாளி காலரிலிருந்து பனியைத் தட்டினார். மறுபக்கத்துத் தாளை எடுத்தார். வாசிக்காமலே விசாக் கடிதத்தில் கையெழுத்திட்டு நீட்டினார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர் என்று முன்பே சொன்னேன்.

வாங்கி மடித்துப் பைக்குள் வைப்பார் என்று நினைத்தேன். எனக்குக் கண் கூடக் கலங்கியது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"வொர்க்ஷாப் ஹெல்பர் எண்டு கிடக்கு," என்றார் என்னிடம். "தம்பி, இது நீங்கள் அடிச்சதோ?"

முதலாளி வேலைப் பெயர் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியதை எழுதிக் கொண்டு வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். ஹெல்பர் என்று நானாகத்தான் எழுதினேன். எந்த வேலைக்கு விசா உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியலை வருடக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். சிறு எஞ்சின் மெக்கானிக் அதில் உண்டு. ஹெல்பர் இல்லை. அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால், முதலாளியின் கையெழுத்தோடேயே அவரும் மகளும் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யோசிக்கவே இல்லை. மூன்று வருடம் அவருடைய வேலை அட்டைகளை அடித்துவிட்டு, அவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் என் விரல் தானாக அடித்த சொல் அது.

"ஆமாக்கா," என்றேன்.

"நான் ஆருக்குத் தம்பி ஹெல்ப் பண்ணிக்கொண்டு இருந்தனான்? உங்களுக்கோ?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"மேல ஆபீஸ்ல பிரின்டர் இருக்கும்க்கா. புதுசா அடிச்சுத் தர்றேன், பத்தே நிமிஷம்."

"வேண்டாம். உதையே வெட்டுங்கோ. வெட்டினது தெரியட்டும்."

இருக்கையின் மேல் தாளை வைத்து, அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டேன். மேலே மெக்கானிக் என்று எழுதினேன். பக்கத்தில் முதலாளி சுருக்கொப்பம் வைத்தார். நான் பேனாவை மூடப் போனேன். "நீங்களும் வையுங்கோ," என்றார் அக்கா. அந்தக் கடிதத்துக்கு என் கையெழுத்தைக் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை. வைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தது. நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் அவர் மலையடிவாரத்து ஊரில் ஒரு பட்டறைக்கு மாறிப்போய்விட்டார். குடிவரவுத் துறையின் கோப்பில் எங்கேயோ, என் கையெழுத்தோடு, அந்த வெட்டு இன்னும் இருக்கிறது.